எழுத்தாளர் வரைந்த அச்சுப் படம்

கேள்வி: குந்தர் கிராஸ் கையெழுத்துடன், 47/150 என்று எண்ணிட்ட எட்சிங் (உலோகத் தகட்டிலிருந்து எடுக்கும் அச்சுப் படம்) ஒன்று விலைக்கு வருகிறது. நாவலாசிரியரின் படத்துக்கு மதிப்பு உண்டா? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், ஜொகூர் பாரு

பதில்: அசல் என்றால் தாராளமாக வாங்கலாம். கிராஸ் டுசல்டார்ஃப் கலைக்கழகத்தில் முறையாகப் படித்தவர். 1959இல் வந்த தம் முதல் நாவலுக்கு அட்டைப்படத்தையும் அவரே வரைந்தார். கல்கத்தாவில் தங்கியபோது வரைந்த படங்களை 1988இல் நூலாக்கினார். அவருடைய எழுத்துக்கும் ஓவியத்துக்குமாக லூபெக் நகரில் ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

அச்சிட்ட 150 பிரதிகளில் இது 47ஆவது. எண் சிறியதாக இருந்தால் விலை கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணும் கையெழுத்தும் பென்சிலில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு பூதக்கண்ணாடியை எடுங்கள். செய்தித்தாள் படம்போல வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆப்செட் நகல். அசல் எட்சிங்கில் கோடுகள் அறுபடாமல் ஓடும். தாளை வெளிச்சத்தில் சாய்த்தால், படத்தைச் சுற்றி உலோகத் தகடு அழுந்திய தடம் தெரியும். ஸ்டைடில் பதிப்பகம் கிராஸின் அச்சுப் படங்களுக்கு முழு அட்டவணை வெளியிட்டிருக்கிறது. தலைப்பு, அளவு, பிரதிகளின் எண்ணிக்கை மூன்றும் அதனுடன் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டு, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

ஜொகூரின் ஈரக்காற்றில் தாள் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி சட்டம் போடுங்கள். வெயில் படாத உட்சுவரில் மாட்டுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டக் கேட்டால், கடையை மாற்றுங்கள். ஓரம் போனால் படத்தின் மதிப்பும் போய்விடும்.