வீட்டுப் பூனைக்கும் ரத்தப் பரிசோதனை

பூனைக்கு ரத்தம் பார்ப்பதா என்று சிரிக்க வேண்டாம். எலி பிடித்து நெல்லைக் காக்கிற பூனை நாலு நாளாகச் சோறு தொடாமல் அடுப்படி மூலையிலே சுருண்டு கிடந்தால், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவதற்கு முன், அதன் வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். வெளுத்தோ மஞ்சள் பூத்தோ இருந்தால் ரத்தத்தில் ஏதோ கோளாறு.

காரணங்கள் பல. அதில் ஒன்று, சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொண்டு வாழும் நுண்கிருமி. ஹீமோபார்ட்டொனெல்லா என்று முன்பு பெயர். 2001-ல் இதை மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இனத்தில் சேர்க்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிருமி ஒட்டிய அணுக்களைப் பூனையின் உடம்பே அழித்துவிடுகிறது. சோகை அதனால்தான். தெள்ளுப்பூச்சியும், கடுவன் பூனைகளின் சண்டைக் கடியும் இதைப் பரப்புவதாகக் கருதுகிறார்கள்.

காய்ச்சல் என்றால் நம் விரலில் குத்தி ஸ்லைடில் ரத்தம் தடவுவார்கள் அல்லவா, அதே முறைதான். காது ஓரத்திலோ காலிலோ ரத்தம் எடுத்து, மெல்லியதாகத் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ரத்தம் புதிதாக இருக்கவேண்டும். குப்பியில் நேரமானால் கிருமி அணுவை விட்டுக் கழன்றுவிடும். இன்னொரு சங்கதி, இது இன்றைக்குத் தென்படும், இரண்டு நாளில் மறைந்துபோகும். 'ஒன்றுமில்லை' என்று ஒரு தடவை சொன்னாலும், பூனை தேறாவிட்டால் மறுபடி கொண்டுபோங்கள். பி.சி.ஆர். சோதனை இதைவிட நம்பகமானது. ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. மருந்து உண்டு. டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை கொடுக்கவேண்டும்.

உடம்பு சுடுகிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் பாலில் கரைத்து ஊற்றிவிடாதீர்கள்! பூனையின் ஈரல் அதை முறிக்காது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். அரை மாத்திரையே உயிரை வாங்கிவிடக்கூடும். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தும் பூனைக்கு விஷமே.

"பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் பூனை ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வது வேறு கிருமியைப் பற்றியது. டாக்ஸோபிளாஸ்மா என்ற அது பூனையின் மலத்தில் வரும். கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். மலத்தில் விழுந்தவுடன் அது தொற்றாது. அதற்கு ஒரு நாளாவது ஆகும். ஆகவே தினமும் அள்ளிப் புதைத்துவிட வேண்டும். மனைவி கர்ப்பமாயிருக்கும் மாதங்களில் இந்த வேலை கணவருடையது. தோட்டத்து மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறியை நன்றாக வேகவையுங்கள், ஏனென்றால் வேகாத கறியிலும் அந்தக் கிருமி உண்டு. பூனையை ஊர் எல்லையில் கொண்டுபோய் விடவேண்டிய அவசியமில்லை. சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.