ஓசி சீட்டு யாருக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ராஜபாளையம் டீக்கடைகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் கட்-ஆஃப் பேச்சுதான். கூடவே இடஒதுக்கீடு பற்றிய சில தவறான நம்பிக்கைகளும் வலம்வருகின்றன.

நம்பிக்கை: 69 சதவீத இடஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் முன்னேறிய வகுப்பினருக்கு.
உண்மை: அது பொதுப்பிரிவு (ஓசி), எந்தச் சாதிக்கும் ஒதுக்கியதல்ல. முதலில் அந்த இடங்கள்தான் ரேங்க் வரிசைப்படி நிரம்பும். நல்ல ரேங்க் எடுத்த பட்டியலினப் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. அதன்பிறகே பிற்படுத்தப்பட்டோர் 30 (முஸ்லிம்களுக்கான 3.5 உட்பட), மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (அருந்ததியருக்கான 3 உட்பட), பழங்குடியினர் 1 என்ற கணக்கு.

நம்பிக்கை: எல்லாம் ஓட்டுக்காக அண்மையில் கொண்டுவந்தது.
உண்மை: நீதிக்கட்சி ஆட்சியில் 1921-ல் அரசு வேலைக்காகப் பிறந்த வகுப்புவாரி ஆணை, பிற்பாடு கல்லூரிக்கும் வந்தது. அங்கே ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. எல்லோருக்கும் பங்கு வைத்த அந்த ஆணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அப்போது சென்னை மாநில முதலமைச்சர் யார் தெரியுமா? நம் ராஜபாளையம் பி.எஸ்.குமாரசாமி ராஜாதான். தீர்ப்பை எதிர்த்துத் தமிழகமெங்கும் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. ஒதுக்கீட்டுக்கு இடம் தரும் 15(4) பிரிவு பிறந்தது. 1992-ல் உச்ச நீதிமன்றம் 50 சதவீத வரம்பு விதித்தபோது, 1994-ல் தனிச் சட்டம் இயற்றி, அதை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கவைத்து 69-ஐக் காத்தது தமிழகம்.

நம்பிக்கை: எந்தக் கல்லூரியானாலும் 69 சதவீதம் உண்டு.
உண்மை: சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு கவுன்சலிங்குக்கு வரும் இடங்களுக்கே அந்தக் கணக்கு. சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீத இடங்கள் வரும், மற்றவற்றில் 65. நிர்வாக ஒதுக்கீடு தனி. அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அங்கே மத்திய அரசின் விதிதான்.

நம்பிக்கை: உதவிபெறும் பள்ளியில் படித்தாலும் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும்.
உண்மை: கிடைக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த நம் ஊர்களில் பல பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். அந்த 7.5-க்குள்ளும் 69 சதவீதப் பங்கீடு உண்டு.

நம்பிக்கை: அமெரிக்காவே கோட்டாவை ஒழித்துவிட்டது, நமக்கு எதற்கு?
உண்மை: இன வாரியாக இத்தனை இடம் என்று எண்ணி ஒதுக்குவதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1978-லேயே தடுத்துவிட்டது. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் அது நிறுத்தியது, மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது இனத்தையும் ஓர் அம்சமாகப் பார்க்கும் வழக்கத்தை. நம் ஊரிலோ ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பே இடம் தருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பெற்றோரே, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். டீக்கடைப் பேச்சை நம்பி விண்ணப்பத்தில் பிரிவை மாற்றி நிரப்பாதீர்கள்.