விமானத்தில் இடம் விட்டுக்கொடுத்தல்

பலர் கூடும் இடத்தில் ஒருவர் நடந்துகொள்ளும் முறையே அவருடைய பண்பினை உலகுக்குக் காட்டுகின்றது. பேருந்தில் கைக்குழந்தையுடன் ஒரு தாய் ஏறினால், அமர்ந்திருப்போருள் ஒருவர் எழுந்து இடம் தருதல் நெடுநாளாக நிலவிவரும் நல்வழக்கமாகும். எழுந்தவர் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றவாறே தம் ஊர் போய்ச் சேர்வார். விமானத்திலோ நின்றுகொண்டு பயணம் செய்தல் இயலாது. மடியில் அமரும் கைக்குழந்தைகள் நீங்கலாக, ஏறிய ஒவ்வொருவர்க்கும் ஓர் இருக்கை உண்டு. ஆதலின் அங்கு இடம் விடுதல் என்பது, தம் இருக்கையைப் பிறர்க்கு அளித்து, அவருடைய இருக்கையைத் தாம் ஏற்றுக்கொள்ளுதலேயாம். இஃது எளிய செயல்போலத் தோன்றினும், கேட்போரும் கொடுப்போரும் அறியவேண்டிய முறைகள் சில உள.

கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் விமானம், 1914ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளன்று, அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து தாம்பா நகருக்குப் பறந்தது. அதில் விமானியின் அருகே ஒரே ஒரு பயணிக்குத்தான் இடம் இருந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மேயராக முன்னர் விளங்கிய ஒருவர், 400 டாலர் கொடுத்து அவ்விடத்தை ஏலத்தில் பெற்றார். பயணி ஒருவரே ஆதலின், யார் எங்கே அமர்வது என்னும் வினா எழவில்லை.

இன்று ஏர்பஸ் 320 போன்ற விமானத்தில் ஏறத்தாழ 180 பேர் செல்கின்றனர். நடுவே ஒரு நடைவழியும், அதன் இருபுறமும் வரிசைக்கு மும்மூன்று இருக்கைகளும் அமைந்துள்ளன. சன்னலோரத்தில் அமர்ந்தோர் முகிலையும் நிலத்தையும் கண்டு மகிழலாம். நடைவழியோரத்தில் அமர்ந்தோர் பிறர்க்கு இடையூறின்றி எழுந்து செல்லலாம். நடு இருக்கைக்கு இவ்விரு நலன்களும் இல்லை. விரும்பிய இருக்கையைத் தெரிந்தெடுப்பதற்குப் பல நிறுவனங்கள் தனிக் கட்டணமும் பெறுகின்றன. எனவே, விமான இருக்கை ஒருவர் பொருள் கொடுத்துப் பெற்ற உரிமையாகவும் இருத்தல் கூடும்.

இருக்கையை முன்னரே தெரிந்தெடுக்காதவர்களுக்கு எஞ்சிய இடங்களே கிடைக்கும். சில வேளைகளில், இறுதி நேரத்தில் வேறு விமானம் அமர்த்தப்படுவதனால் முன்னர்க் குறித்த இடங்களும் மாறிவிடுகின்றன. இங்ஙனம் ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு வரிசைகளில் பிரிந்து அமர நேரிடுகின்றது. பெரியவர்கள் பிரிந்து அமர்தலால் பெருந்தீங்கு இல்லை. சிறு குழந்தை பெற்றோரைப் பிரிந்து அமர்தலோ அச்சத்தோடு ஆபத்தையும் விளைவிக்கக்கூடும்.

விமானத்தினுள் காற்றழுத்தம் பெரிதும் குறையுமாயின், உயிர்வளி தரும் முகமூடிகள் மேலிருந்து கீழே தொங்கும். பெரியவர் முதலில் தாம் அணிந்துகொண்டு, பின்னர்க் குழந்தைக்கு அணிவித்தல் வேண்டும் என்பது விதி. தாய் 20ஆம் வரிசையிலும் குழந்தை 7ஆம் வரிசையிலும் இருப்பின், இவ்விதி எங்ஙனம் நிறைவேறும்? மேலும், நெருக்கடி நேருங்கால் வாயில்களுள் பாதி மட்டுமே பயன்படினும், அனைவரும் 90 வினாடிகளுக்குள் வெளியேறக்கூடிய முறையில் பெரிய விமானங்கள் அமைந்திருத்தல் வேண்டும். எல்லாரும் வாயிலை நோக்கி விரையும்போது, தன் குழந்தையைத் தேடி ஒரு தாய் எதிர்த்திசையில் செல்வாளாயின், அவளுக்கும் பிறர்க்கும் கேடு விளையும். செல்லாதே என்று எந்தத் தாய்க்கும் கட்டளையிட இயலுமோ?

இக்காரணம் பற்றியே, குழந்தைகள் பெரியவர்களின் வரிசையிலேயே அமர்தல் நன்று என்றும், அஃது இயலாவிடின் ஒரு வரிசைக்கு மேல் விலகியிருத்தல் ஆகாது என்றும் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் அறிவுறுத்தியுள்ளது. இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும், 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, ஒரே பயணப் பதிவில் உடன்வரும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் அருகிலேனும் இருக்கை ஒதுக்குமாறு 2024ஆம் ஆண்டில் விமான நிறுவனங்களைப் பணித்தது. ஆகவே, குழந்தைக்குத் தக்க இடம் அளிக்கும் முதற்கடமை நிறுவனத்தினுடையது. உரிய காலத்தில் பதிவு செய்து, இடத்தை உறுதிப்படுத்திக் கொள்ளுதல் பெற்றோர் கடமை. இவ்விரண்டும் தவறியவிடத்தே உடன்பயணியின் உதவி வேண்டப்படுகின்றது.

அவ்வுதவியைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் விமானத்தில், ஒரு தாய்க்கும் அவளுடைய எட்டு வயது மகளுக்கும் வேறு வேறு வரிசைகளில் இடம் கிடைத்ததாகக் கொள்க. பிறர் இருக்கையில் முன்னரே அமர்ந்துகொண்டு, உரியவர் வந்தபின் அவரை வேறிடம் செல்லுமாறு கூறுதல் முறையன்று. “ஐயா, என் மகள் தனியே அமர அஞ்சுகின்றாள். என் இருக்கையும் சன்னலோரத்தில்தான் உள்ளது. தாங்கள் அங்கு அமர இசைவீர்களா?” என்று பணிவுடன் வினவுதல் வேண்டும். சன்னலோரத்து இடத்தைக் கேட்பவர், கடைசி வரிசையின் நடு இருக்கையை மாற்றாக நீட்டுதல் தகாது. ஒத்த இடத்தையோ, அதனினும் நல்ல இடத்தையோ தருதலே நேர்மையாகும்.

விமானப் பணியாளரிடம் கூறி, அவர் இசைவு பெற்றே இடம் மாறுதல் வேண்டும். சிறிய விமானங்களில் பயணிகள் அமரும் இடங்களைக் கருதியே எடைச் சமநிலை கணக்கிடப்படுகின்றது. நெருக்கடி வாயிலை அடுத்த வரிசையில் குழந்தைகள் அமர்தல் கூடாது. இவற்றைப் பணியாளரே நன்கு அறிவர்.

கேட்கப்பட்டவர் இசையாமலும் இருக்கலாம். அவருக்கு முழங்கால் வலி இருக்கலாம்; இறங்கியவுடன் அடுத்த விமானத்தைப் பிடிக்க விரையவேண்டியவராகவும் இருக்கலாம். காரணம் கூறும் கடமை அவர்க்கில்லை. அவரைச் சினந்து நோக்குதலும், பிறர் கேட்கப் பழித்துரைத்தலும் பண்பாகா. நன்றி கூறி, வேறொருவரை நாடுதலே தக்கது.

எனினும், தக்க காரணம் ஏதுமின்றி மறுத்தலும் சிறப்பன்று. இடம் மாறியவர் இழப்பது மூன்று மணி நேரச் சன்னற் காட்சியே. பெறுவதோ ஒரு குழந்தையின் அச்சமற்ற பயணம். பிறர் பொருளை எவரும் ஈய இயலாது. தமக்கே உரியதை மனமுவந்து கொடுத்தலே ஈகை. கேட்பவர் அவ்வுரிமையை மதிப்பாராயின், கொடுப்பவர் நெஞ்சில் கண்ணோட்டம் தானே பிறக்கும்.