பழைய காரின் கதவு

நம் நாட்டுச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கார் அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் இதைச் செய்யத் தொடங்கியது, 2014-இல் நிறுத்தியது. அமைச்சர்களும் சென்றார்கள், கல்யாண வீட்டாரும் சென்றார்கள். சுசீந்திரத்தில் இன்றும் சில வீட்டு முற்றங்களில் இந்தக் காரைக் காணலாம். எங்கள் தாத்தாவின் கார் அவற்றுள் ஒன்று. சென்ற கோடை விடுமுறையில் அதன் கதவுகளைப் பிரித்துச் சீர் செய்தபோது நான் கூட இருந்து கற்றவற்றைத் தோழியருக்கு எழுதுகிறேன்.

அதற்குக் காரணமும் இருந்தது. தேரூர்ப் பாதையில் ஒரு வளைவில் திரும்பும்போது பின்கதவு தானாகவே திறந்துகொண்டது. அருகில் அமர்ந்திருந்த ஆச்சியை மாமா சட்டென்று பிடித்து உள்ளே இழுத்ததால் ஆபத்து நேரவில்லை. அன்று முதல் அந்தக் கதவைக் கயிற்றால் கட்டித்தான் கார் ஓடியது. காரை விற்றுவிடலாம் என்றார் அப்பா. கதவைச் சீராக்கலாம் என்றார் தாத்தா.

காரின் கதவு வெறும் தகடு அன்று. வெளிக் கைப்பிடி, உள் கைப்பிடி, இரண்டுக்கும் நடுவே பூட்டுப்பொறி, தூணில் அதை ஏற்றுப் பிடிக்கும் எதிர்த்தகடு, பாரம் முழுவதையும் தாங்கும் கீல் ஆகியவை உண்டு. கீலை நம் ஊர்ப்பக்கம் விசாகிரி என்பார்கள். மெக்கானிக் அண்ணாச்சி முதலில் கைப்பிடியைத் தொடவே இல்லை. கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். ஆடினால் கீலின் ஊசி தேய்ந்துவிட்டது என்று பொருள். தொங்கிப்போன கதவுக்குப் புதுப்பூட்டு போட்டும் பயனில்லை. பூட்டும் தகடும் நேராகச் சந்திக்காது.

அடுத்தது அழுக்கு. பழையாறு சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலோடு சேர்கிறது. கடல் அவ்வளவு அருகில் இருப்பதால் உப்புக் காற்று இங்கே இரும்பை எளிதில் விடாது. இரண்டு பருவ மழையும் நம் மாவட்டத்துக்கு உண்டு. கண்ணாடி இறங்கும் பிளவு வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். எல்லாக் கார்களிலும் அப்படியே. அந்த நீர் வடிவதற்குக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அவை மண்ணாலும் சருகாலும் அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கி, வெளியில் வண்ணம் பளபளக்கும்போதே உள்ளிருந்து துரு தின்னும். எங்கள் காரில் அந்தத் துளைகளைக் குத்தித் திறந்தபோது ஒரு கை மண்ணும், ஓர் ஐந்து பைசாவும், ஒரு ஜெபமாலை மணியும் வந்தன. மணி யாருடையது என்று இன்னும் வீட்டில் பேச்சு நடக்கிறது.

உலர்ந்த தூசியைத் துணியால் தேய்க்கக் கூடாது. மணல் வண்ணத்தைக் கீறிவிடும். முதலில் நீரை ஊற்றி ஊறவைக்க வேண்டும். பின்னர் சோப்பு நீர். சோப்பு மூலக்கூறின் தலை நீரை விரும்பும், வால் எண்ணெயைப் பற்றும் என்று வேதியியலில் படித்தோம் அல்லவா? வால்கள் எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்து பிடிக்க, தலைகள் வெளிப்புறம் நின்று அதை நீரோடு கொண்டுபோகின்றன. அந்தச் சிறு உருண்டைதான் மிசெல். கிணற்று நீர் கடின நீராக இருந்தால் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்படிவாக ஒட்டிக்கொள்ளும். பிடித்து வைத்த மழைநீர் நல்லது.

பூட்டுப்பொறியில் கட்டியாகிப்போன பழைய கிரீசுக்குச் சோப்பு போதாது. அதற்கு மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் வேண்டும். ஆனால் மண்ணெண்ணெய் கதவு ஓர ரப்பரில் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். ஆச்சி குத்துவிளக்குக்குத் தேய்ப்பதுபோல் கைப்பிடிக்கும் புளி தேய்க்கலாம் என்றார். பித்தளைக்குப் புளி சரி. கார்க் கைப்பிடியோ பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமிய முலாம் பூசியது. முலாமில் உள்ள நுண்துளை வழியாகப் புளியின் அமிலம் இறங்கினால் அடியிலுள்ள துத்தநாகத்தை அரிக்கும். புள்ளி விழுந்த கைப்பிடிக்கு மென்மையான துணியும் சோப்பு நீருமே போதும்.

மாற்றும் வேலைக்குக் கண்ணாடியை முழுவதும் மேலேற்றிவிட வேண்டும். உள் கைப்பிடியின் அடியிலுள்ள வட்டத் தட்டை அழுத்தினால் ஒரு சிறு ஊசி தெரியும். அதைத் தள்ளினால் கைப்பிடி கையோடு வரும். பிறகு உள் அட்டையைக் கழற்றலாம். கழற்றிய திருகாணிகளை முறுக்குத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்தது என் வேலை. கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோவது நல்லது. ஒரே அம்பாசிடரிலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் உண்டு.

இனி முக்கியமான இடம். கைப்பிடியின் பொத்தானுக்கும் பூட்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் பொத்தான் பூட்டை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். பூட்டு முழுவதும் விழாது. எங்கள் கதவு திறந்துகொண்டதற்கு இதுவும் தேய்ந்த பூட்டுநாக்கும் சேர்ந்தே காரணம். புதுப்பூட்டைப் பொருத்தியதும் கதவை உடனே சாத்திவிடக் கூடாது. கதவு திறந்திருக்கும்போதே நாக்கைத் திருகுளியால் பூட்டி, பொத்தானை அழுத்தி, விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். விடுபடாத பூட்டோடு சாத்தினால் பிறகு திறப்பது பெரும்பாடு. அதன்பின் சாத்தும்போது இரண்டு முறை ‘டக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். முதல் ஓசை பாதிப் பூட்டு. இரண்டாவதே முழுப் பூட்டு.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1950-களில் விபத்துகளை ஆராய்ந்தபோது, மோதலில் கதவு திறந்து வெளியே வீசப்பட்டவர்களே மிகுதியான ஆபத்துக்கு உள்ளானதைக் கண்டார்கள். அதன் பயனாக 1956-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அந்நாட்டு உற்பத்தியாளர்கள் உறுதியான கதவுப் பூட்டுகளை அமைத்தனர். சீட் பெல்ட் இல்லாத பழைய காரில் உள்ளிருப்பவரைக் காப்பது கதவு ஒன்றே.

பழைய பூட்டை எடுத்தால் காரின் அசல் தன்மை போய்விடுமே என்பது தாத்தாவின் கவலை. 50 ஆண்டு கடந்த கார்களைத் தொன்மை வாகனமாகப் பதிவதற்கு மத்திய அரசு 2021-இல் விதி வகுத்துள்ளது. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்கிறது அது. கதவுப் பூட்டு அந்த வரிசையில் இல்லை என்று படித்துக் காட்டிய பிறகுதான் அவர் சம்மதித்தார். பின்கதவுகள் இரண்டுக்கும் புதுப்பூட்டு வந்துவிட்டது. கயிறு கிணற்றடிக்குப் போய்விட்டது. முன் இடக்கதவின் கைப்பிடியில் மட்டும் குரோமியம் உரிந்து புள்ளிகள் இருக்கின்றன. அதன் பூட்டு உறுதியாக விழுவதால் கைப்பிடி அப்படியே இருக்கட்டும் என்று தாத்தா சொல்லிவிட்டார்.