கீழ்த்தாடை முன்வந்தால்

கொய்யாப்பழத்தைக் கடிக்கும்போது மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசைப் பற்களைச் சற்றே மூடி நிற்கும். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப்போல் அவை இயங்குவதால் பழம் எளிதில் துண்டாகிறது. சிலருக்கு இவ்வமைப்பு மாறியிருக்கும். கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே நிற்கும். மோவாய் முன்தள்ளித் தோன்றும். இதனை முன்துருத்திய கீழ்த்தாடை என்பர்.

கீழ்த்தாடை மிகையாக வளர்வதால் மட்டும் இந்நிலை ஏற்படுவதில்லை. மேல்தாடை போதிய அளவு வளராதபோதும் கீழ்த்தாடை முன்வந்ததுபோல் தோன்றும். சிலரிடம் இரண்டும் சேர்ந்து காணப்படும். மரபு இதற்கு முதன்மையான காரணம். ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தினரின் ஓவியங்களில் இத்தாடையைத் தலைமுறை தலைமுறையாகக் காணலாம். அக்குடும்பத்தில் தோன்றிய ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் (1661–1700) உணவை மெல்லவும் தெளிவாகப் பேசவும் துன்புற்றார். அண்ணப்பிளவுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு மேல்தாடையின் வளர்ச்சி குன்றுவதுண்டு. வளர்ந்து முடிந்த ஒருவருக்குத் தாடையும் கைகால்களும் மீண்டும் பெரிதாகத் தொடங்கினால், பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு காரணமாக இருக்கலாம். அவர் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

தாடையின் அமைப்பு பேச்சையும் பாதிக்கும். மேற்பல்லும் இதழும் பொருந்துவதால் வகரம் பிறக்கிறது என்று நன்னூல் கூறுகிறது. கீழ்த்தாடை மிகவும் முன்வந்தவருக்கு அவ்விரண்டும் எளிதில் பொருந்தா. இவற்றினும் பெரிய துன்பம் பிறரது ஏளனம். பட்டப்பெயருக்கு அஞ்சிச் சில மாணவர்கள் வகுப்பில் வாய் திறப்பதையே தவிர்க்கின்றனர். எலும்பின் வளர்ச்சி எவருடைய குற்றமும் அன்று.

இதற்குரிய மருத்துவத்தில் வயது மிக இன்றியமையாதது. மேல்தாடை பின்தங்கிய குழந்தைக்கு ஏறத்தாழ 7 முதல் 10 வயதுக்குள் முகக்கருவி ஒன்றை அணிவிப்பர். அது நெற்றியிலும் மோவாயிலும் ஊன்றி நிற்கும். அதில் பொருத்திய ரப்பர் வளையங்கள் மேல்தாடையை மெல்ல முன்னோக்கி இழுக்கும். நாள்தோறும் பல மணி நேரம், பல மாதங்கள் அதை அணிய வேண்டும். வளரும் எலும்பே இவ்விழுப்புக்கு நன்கு இணங்கும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்போர் இவ்வாய்ப்பை இழக்கின்றனர். குறைபாடு சிறிதாயின், பிற்காலத்தில் பல் கம்பி கட்டியும் சீராக்கலாம்.

குறைபாடு பெரிதாயின் வளர்ச்சி முழுமையாக நின்றபின் அறுவை சிகிச்சை செய்வர். முதலில் கம்பி கட்டிப் பற்களை ஒழுங்குபடுத்துவர். பின்னர் வாயின் உட்புறமாகவே எலும்பை வெட்டி, கீழ்த்தாடையைப் பின்னோக்கியோ மேல்தாடையை முன்னோக்கியோ நகர்த்தி, டைட்டானியத் தகடுகளால் பொருத்துவர். முகத்தில் பெரும்பாலும் தழும்பு தெரியாது. எலும்பு கூடும்வரை சில வாரங்கள் நீர்த்த, மென்மையான உணவையே உண்ண வேண்டும்.

திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1959ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பற்களைச் சீரமைக்கும் மருத்துவரும் தாடை அறுவை மருத்துவரும் கலந்து முடிவெடுக்க வேண்டிய நோய்நிலை இது. ஆதலால் அவ்விரு துறைகளும் ஒருங்கே அமைந்த இத்தகைய மருத்துவமனைகள் பெரிதும் பயன்படுகின்றன. கீழ்ப்பற்கள் முன்னிற்கும் குழந்தையைப் பால்பற்கள் விழத் தொடங்கும் பருவத்திலேயே அங்கு அழைத்துச் செல்வது நன்று.

அருஞ்சொற்பொருள்
மோவாய் – முகவாய்க்கட்டை
அண்ணம் – வாயின் மேற்பகுதி
இதழ் – உதடு
ஏளனம் – இகழ்ச்சி

பயிற்சி
1. கீழ்த்தாடை முன்வந்ததுபோல் தோன்றுவதற்குரிய காரணங்கள் யாவை?
2. முகக்கருவி எவ்வாறு செயல்படுகிறது?
3. பிரித்து எழுதுக: இவ்வமைப்பு, அண்ணப்பிளவு.
4. ஏளனத்துக்கு ஆளான நண்பருக்கு ஆறுதல் கூறி ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக.