எல்லாத்துக்கும் 'வில்'லைத் தூக்காதே!

உட்காரு, ரெண்டு நிமிஷம் கேளு. வேலை, வீடு, குழந்தைன்னு ஓடுற உனக்கு இலக்கணப் புத்தகத்தை முதல்லேருந்து படிக்க நேரம் கிடையாது, தெரியும். 'ஃபியூச்சர்னா வில்'னு ஸ்கூல்ல ஒரே வரியில சொல்லி அனுப்பிட்டாங்க. நீயும் அதையே பிடிச்சுத் தொங்குறே. அதை விடு. விஷயம் எந்த அளவுக்கு முடிவாகியிருக்குன்னு மட்டும் பாரு.

1. சர்க்கரை டப்பாவைத் திறந்த அம்மா "காலியாயிடுச்சே"ங்கறாங்க. அதைக் கேட்டு அப்பத்தான் நீ எழுந்திருக்கிறே: "ஐ வில் கெட் சம்". அதே நீ, காலையிலேயே டப்பாவைப் பார்த்துட்டு, கையில பையோட செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறே. எங்கே கிளம்பிட்டேன்னு கேட்டா, "ஐ ஆம் கோயிங் டு கெட் சம் சுகர்". முன்னாடியே எடுத்த முடிவுக்கு 'வில்' போட்டா, இப்பத்தான் யோசிக்கிறேன்னு எதிராளி நினைப்பாங்க. இன்டர்வியூல இது ரொம்ப முக்கியம்.

வானம் கறுத்துக்கிட்டு வருதா? "இட்ஸ் கோயிங் டு ரெயின்". அடையாளம் கண்ணுக்குத் தெரியுதே! வாக்குக் கொடுக்க, உதவி செய்றேன்னு சொல்ல 'வில்'. ஆனா பேசுறப்போ "ஐ வில்"னு அழுத்தாம 'ஐல்'னு சுருக்கு. அழுத்தினா பிடிவாதம் பிடிக்கிற மாதிரி கேட்கும்.

2. நாள், நேரம் எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னா 'வில்', 'கோயிங் டு' ரெண்டுமே வேணாம். "ஐ ஆம் சீயிங் தி டாக்டர் ஆன் மண்டே" போதும். நிகழ்காலமாச்சேன்னு பயப்படாதே. நாமளும் "நாளைக்கு ஊருக்குப் போறேன்"னுதானே சொல்றோம்?

3. ட்ரெயின், பஸ், பரீட்சை டைம்டேபிளுக்கு சிம்பிள் பிரசன்ட்: "தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்".

4. எல்லாரும் சறுக்குற இடம் இதுதான், கவனி. "வென் ஐ வில் ரீச் ஹோம், ஐ வில் கால் யூ"ன்னு சொல்லாதேன்னு எத்தனை பேருக்குச் சொல்லியாச்சு! 'எப்போ நடந்தா', 'எது நடந்தா'ன்னு சொல்ற பகுதியில 'வில்' வரக்கூடாது. வென், இஃப், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ் எல்லாத்துக்கும் இதே சட்டம்தான். "வென் ஐ ரீச் ஹோம், ஐ வில் கால் யூ". தமிழ்லயும் "வீட்டுக்குப் போனதும் கூப்பிடுறேன்"தான். 'போவேன்'னு அங்கே சொல்றதில்லையே.

ஒரு விலக்கு: "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்" சரி. அங்கே 'வென்' கேள்வியா வருது. அவர் எப்போ வருவார்னு தெரியாது, அவ்வளவுதான்.

5. மரியாதைன்னு நினைச்சு "ஐ வுட் கம் டுமாரோ"ன்னு மெயில் அனுப்பாதே. வருவியா மாட்டியான்னே அவங்களுக்குப் புரியாது. வர்றது உறுதின்னா 'வில்'. விருப்பத்தைச் சொல்ல மட்டும் "வுட் லைக் டு".

6. சின்னச் சின்னது, ஆனா மானத்தை வாங்கும்:

- "வில் கேன்" கிடையாது. "வில் பி ஏபிள் டு".
- "ஷி வில் கோஸ்", "வில் டு கோ" ரெண்டும் தப்பு. 'வில்'லுக்குப் பின்னால வினை மொட்டையா நிக்கணும்: "ஷி வில் கோ".
- 'வோன்ட்'னா மாட்டேன், 'வான்ட்'னா வேணும். உச்சரிப்பு மாறினா அர்த்தமே கவிழ்ந்துடும்.

"வில் ஹேவ் பீன்" மாதிரி நீளமானதையெல்லாம் இப்போ தொடாதே. அன்றாடப் பேச்சுல எப்பவாவதுதான் வரும். பயிற்சிக்குப் புத்தகம் வேணும்னா ரேமண்ட் மர்ஃபியோட 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' வாங்கு. 1985-ல முதல்ல வந்தது, இன்னிக்கும் புதுப்பதிப்பு கிடைக்குது. இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. எதிர்காலப் பாடங்களை மட்டும் முதல்ல முடி.

அதுவரைக்கும், ராத்திரி பாத்திரம் கழுவுறப்போ மறுநாள் வேலைகளை வாய்விட்டு இங்கிலீஷ்ல சொல்லு. மனசுக்குள்ள சொன்னா நாக்கு பழகாது. இன்னிக்கே ஆரம்பி, தள்ளிப் போடாதே.