கிராமத் திருச்சபைக்கு மாற்றலாகி வரும் ஊழியருக்கு

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைக்குப் பொறுப்பேற்கிறீர்களா? ஜெபக் குறிப்புகளைக் கேட்டாலே தெரியும்: சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி. வியாதிக்காக ஜெபிக்கிற சபை, அது வராமலிருக்கவும் பாடுபட வேண்டும். புதுத் திட்டம், நிதி எதுவும் தேவையில்லை. அண்டா, அடுப்பு, கோயில் வளாகம், ஞாயிறுதோறும் கூடும் ஜனம், எல்லாம் இருக்கின்றன.

வீட்டு ஜெபக் கூட்டத்தில் தொடங்குங்கள். ஜெபம் முடிந்ததும் சீனி தூக்கலாக டீ, மிக்சர், கேக் வரும். "சுண்டலும் சுக்குக் காப்பியும் போதும்மா" என்று முன்கூட்டியே நீங்கள் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், ஐயா வருகிறாரே என்று கடன் வாங்கியாவது பலகாரம் செய்வார்கள். கருப்பட்டி நல்லதுதானே என்பார்கள். அதுவும் சர்க்கரைதான், குறைத்தே போடட்டும்.

சபையார் கூடி உண்ணும் அசன விருந்தில் ஆட்டுக்கறியை மட்டும் தொடாதீர்கள். ஊர் மனம் புண்பட்டால் அடுத்த பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். கறி இருக்கட்டும், கூடவே கூட்டு, அவியல் ஏதாவது இரண்டு கரண்டி இலையில் விழட்டும். உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைக் கமிட்டியில் பேசிப் பயனில்லை. அண்டாவில் உப்பு அள்ளிப் போடும் பெரியவரிடம் அடுப்படிக்கே போய்ப் பேசுங்கள். அறுப்பின் பண்டிகைக்கு வரும் பூசணி, முருங்கை, வாழைத்தாரெல்லாம் ஏலத்தில் காசுள்ளவர் வீட்டுக்கே போகின்றன. ஒரு பங்கு விதவைத் தாய்மாருக்குப் போகத் தீர்மானம் போடுங்கள்.

வாரம் 150 நிமிட வேக நடை தேவை. பெண்கள் தனியாக ரோட்டில் நடந்தால் ஊர் பேசும். பெண்கள் ஐக்கிய சங்கமாகக் கோயில் வளாகத்தைச் சுற்றினால் யாரும் கேட்கமாட்டார்கள். மாலை அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். வளாகத்து விளக்கைப் போட்டு வையுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளரை, பிரஷரும் சர்க்கரையும் பார்க்க ஒரு ஞாயிறு அழையுங்கள். பிரஷர் பார்க்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். பாட்டுப் பாடி முடித்த கையோடு பார்த்தால் அளவு கூடிக் காட்டும்.

உபவாச ஜெபம் அறிவிக்கும்போதெல்லாம் ஒன்றைத் தவறாமல் சொல்லுங்கள்: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை விடக்கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து.